மொட்டைமாடி சோலார் ஹீட்டர்: ஒன்பது வருஷ அனுபவம்

வேளச்சேரி வீட்டு மொட்டைமாடியில் 100 லிட்டர் சோலார் வாட்டர் ஹீட்டர் வைத்து ஒன்பது வருஷமாகிறது. கண்ணாடிக் குழாய் மாடல் இல்லை. செம்புக் குழாய் ஓடும் பேனல் மாடல். "சென்னையில ஹீட்டர் எதுக்கு, மே மாசம் பைப்பைத் திறந்தாலே கொதிக்குதே" என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. மார்கழி விடிகாலையில் வந்து குளித்துப் பார்க்கட்டும்.

இதில் மோட்டார் கிடையாது. பேனலில் சூடான தண்ணீர் லேசாகி, மேலே இருக்கும் டேங்குக்கு ஏறும். டேங்கின் அடியிலுள்ள பச்சைத் தண்ணீர் பேனலுக்கு இறங்கும். 30 டிகிரி தண்ணீருக்கும் 60 டிகிரி தண்ணீருக்கும் கனத்தில் வித்தியாசம் நூற்றுக்கு ஒன்றேகால்தான். அந்தச் சின்ன வித்தியாசத்தில்தான் மொத்தச் சுற்றும் ஓடுகிறது.

ஆறு வருஷம் தொந்தரவில்லை. பிறகு மாடி ஒழுகுகிறதென்று கூலிங் டைல்ஸ் போட்டோம். அடுத்த வாரமே சுடுதண்ணீர் ஒரு பக்கெட்டோடு நின்றது. வந்த மெக்கானிக் மாடிக்கே ஏறவில்லை. "போர் தண்ணி சார், உப்பு அடைச்சிருக்கும், பேனலை மாத்திடுங்க" என்றார். சரி, உப்புத் தண்ணீர்தான். ஆனால் ஒரே வாரத்திலா அடைக்கும்?

மறுநாள் உச்சி வெயிலில் போய்க் குழாயைத் தொட்டுப் பார்த்தேன். பேனலின் மேல் முனையில் விரல் வைக்க முடியவில்லை. அங்கிருந்து டேங்குக்குப் போகும் குழாய் இரண்டு சாண் தள்ளி வெதுவெதுப்பு. டேங்க் பக்கம் சூடே இல்லை. கொத்தனார் விட்டுப்போன ரசமட்டத்தை வைத்ததும் புரிந்துவிட்டது. பேனல் ஸ்டாண்டைக் கழற்றிப் புது டைல்ஸ் மேல் மாட்டியிருக்கிறார்கள்; டேங்க் ஸ்டாண்ட் பழைய தளத்திலேயே நிற்கிறது. ஏறிப் போக வேண்டிய குழாய் நடுவில் முதுகு தூக்கி, டேங்க் பக்கம் இறங்கியிருந்தது. அந்த மேட்டில் காற்று உட்கார்ந்துகொண்டால் தண்ணீர் எப்படித் தாண்டும்?

தெரிந்த பிளம்பரைக் கூப்பிட்டேன். சாயங்காலம் சூடு ஆறியதும் டேங்கைக் காலி செய்து, டேங்க் ஸ்டாண்டின் கால்களுக்குக் கடப்பாக்கல் துண்டு கொடுத்தார். திரும்ப நிரப்பும்போது மேல் ஜாயிண்ட் நட்டைக் கொஞ்சம் தளர்த்தினார். புஸ்ஸென்று காற்று, அப்புறம் களக் களக்கென்று துப்பல், கடைசியில் விட்டுப்போகாத தண்ணீர். மறுநாள் மூன்று மணிக்கு டேங்க் பக்கக் குழாயும் சுட்டது.

மெக்கானிக் சொன்ன உப்பும் போன வருஷம் வந்து சேர்ந்தது. இந்த முறை சூடு மாதக்கணக்கில் மெல்லக் குறைந்தது. அடி வால்வைத் திறந்தால் முட்டை ஓடு மாதிரிச் சில்லுகள். ஆள் வைத்து ஆசிட் கலந்து கழுவிவிட்டு, ஹீட்டருக்கு மெட்ரோ தண்ணீர் லைனைக் கொடுத்துவிட்டோம். போர் தண்ணீர்தான் கதி என்றால் கண்ணாடிக் குழாய் மாடலே வாங்குங்கள்; செம்புக் குழாய் அளவுக்குச் சீக்கிரம் அடைக்காது.

இன்னொன்று, காற்று போகிற குழாயின் வாயில் குளவி கூடு கட்டும். நான் கொசுவலைத் துண்டு கட்டியிருக்கிறேன்.