வடதுருவமா, தென்துருவமா? எங்கள் வகுப்புக்கு நான் எடுத்தது

பள்ளிக் கண்காட்சியில் எங்கள் ஏழாம் வகுப்புக்குக் கிடைத்தது ஒரே ஒரு மேசை. துருவப் பகுதி என்று தலைப்பு எடுத்துவிட்டோம், இரண்டு துருவத்தையும் வைக்க இடமில்லை. "பென்குயின் வைக்கலாம் டீச்சர்" என்று பிள்ளைகள் ஒரே குரலில் கேட்டார்கள். நான் வடதுருவத்தை எடுத்தேன். டெல்டாவில் பாடம் நடத்துகிற யார் கேட்டாலும் அதையே சொல்வேன்.

வடக்கே இருப்பது நிலம் சூழ்ந்த கடல், தெற்கே கடல் சூழ்ந்த நிலம். பரப்பு இரண்டுக்கும் சுமார் 1.4 கோடி சதுர கிலோமீட்டர்தான். பனிக்கரடி வடக்கே, பென்குயின் தெற்கே. இதெல்லாம் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது.

குளிரும் பிரமாண்டமும்தான் வேண்டும் என்றால் தென்துருவத்தை அடிக்க முடியாது. 1983 ஜூலையில் வோஸ்டாக் நிலையத்தில் பதிவானது மைனஸ் 89.2 டிகிரி செல்சியஸ். எம்பெரர் பென்குயினின் ஆண் பறவை, நடுக்குளிர்காலத்தில் முட்டையைப் பாதத்தின் மேல் ஏந்தி, இரண்டு மாதம் இரையே எடுக்காமல் நிற்கும். நம் நாட்டின் மைத்ரி, பாரதி ஆய்வு நிலையங்களும் அங்கேதான். வடக்கே ஹிமாத்ரி ஒன்றுதான்.

ஆனால் பென்குயினைப் படத்தில்தான் காட்ட முடியும். வடதுருவத்துப் பறவைகளோ வருஷா வருஷம் நம் கோடியக்கரைக்கே வருகின்றன. என்னைப் பொறுத்தவரை இந்த ஒன்றே முடிவைத் தீர்மானித்துவிட்டது.

கொசு உள்ளானை எடுத்துக்கொள்ளுங்கள். கோழி முட்டையில் பாதி எடைகூடத் தேறாத பறவை. அதோடு வருகிற இன்னொன்று, அலகு கீழ்நோக்கி வளைந்த கர்லூ சேண்ட்பைப்பர். இது முட்டையிடுவது சைபீரியாவின் வடகோடியில், டைமிர் தீபகற்பத்தை ஒட்டிய துந்திராவில், அதாவது மரமே வளராத துருவச் சமவெளியில். அங்கிருந்து இங்கே நேர்க்கோட்டில் அளந்தாலே 7,000 கிலோமீட்டருக்கு மேல்.

பருவத்தையும் நம் ஊர்க் கணக்கிலேயே சொல்லிவிடலாம். வழக்கமாக ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து குறுவைக்குத் தண்ணீர் வருகிற சமயம், துந்திராவில் சூரியன் மறைவதே இல்லை. மேல்மண் மட்டும் இளகும், அடியில் மண் உறைந்தே கிடக்கும். சேறடித்த வயலில் நிற்பதுபோல, கீழே இறங்க வழியில்லாமல் தண்ணீர் குட்டை குட்டையாய்த் தேங்கும். அதில் மொய்க்கிற பூச்சிகள்தான் குஞ்சுகளுக்குத் தீனி. இங்கே சம்பா நடவு நடக்கும்போது இந்தப் பறவைகள் வந்து சேரத் தொடங்கிவிடும்.

அப்புறம் லெம்மிங். துந்திராவின் எலி என்று சொல்லலாம். மூன்று நான்கு வருஷத்துக்கு ஒருமுறை அது ஏகமாய்ப் பெருகும். அந்த வருஷம் துருவ நரி வயிறார லெம்மிங்கைத் தின்றுவிட்டு உள்ளான் கூட்டை விட்டுவிடும். லெம்மிங் குறைந்த வருஷம் முட்டையும் குஞ்சும் அதன் வாய்க்குத்தான் போகும். அடுத்து வருகிற கூட்டத்தில் இளம் பறவைகள் குறைந்துபோகும். எங்கோ ஓர் எலி பெருகியதா இல்லையா என்பது நம் கடற்கரையில் தெரிகிறது! இதைச் சொன்னபோது வகுப்பே அமைதியாகிவிட்டது. கூட்டத்தில் இளம் பறவை எது என்று பிரித்துப் பார்க்கிற அளவுக்கு எனக்கு இன்னும் கண் பழகவில்லை. அதற்குப் பழகியவர் ஒருவர் கூட இருக்க வேண்டும்.

பொங்கல் கழிந்து, வேன் பிடித்துப் பிள்ளைகளைக் கூட்டிப்போனேன். முழங்கால் நனையாத தண்ணீரில் உள்ளான்கள் குனிந்த தலை நிமிராமல், சேற்றில் அலகைக் குத்திக் குத்தி நகர்ந்தன. "நாத்து நடுற மாதிரியே இருக்கு டீச்சர்" என்றாள் ஒருத்தி. அவள் அம்மா நடவுக்குப் போகிறவர். குளிர்காலத்தில் சாம்பலாய்த் தெரிகிற கர்லூ சேண்ட்பைப்பரின் மார்பில், திரும்பிப் போகிற பங்குனி, சித்திரை வாக்கில் செங்கல் நிறம் ஏறும். அதைக் காட்ட இன்னொரு நடை போக வேண்டும்.

என் அனுபவம் ஒரே ஒரு கண்காட்சிதான். கடற்கரைக்குப் போகவே வழியில்லாத ஊர்ப் பள்ளி என்றால் பென்குயினே நன்றாக எடுபடலாம். எங்களுக்குக் கோடியக்கரை பஸ் தூரத்தில் இருக்கிறது. மேசையில் ஒரு மூலையைப் பென்குயினுக்கு விட்டுக்கொடுத்தேன், பிள்ளைகள் கேட்டார்களே என்று.