அமெரிக்காவிலிருந்து வரவழைத்த காபி கிரைண்டர்: வாங்கிய பிறகு ஆன செலவு

2022-ல் அமெரிக்கக் கடை ஒன்றில் ஆன்லைனில் வாங்கிய காபிக்கொட்டை அரைக்கும் மெஷின் இன்னும் தினமும் ஓடுகிறது. ஃபில்டருக்கு வேண்டிய பதத்தில், தூள் சீராக விழுகிறது. அதில் குறை ஒன்றும் இல்லை. நான் சொல்ல வந்தது பணக் கணக்கு மட்டும்.

மெஷின் 16,000 ரூபாய், அனுப்பும் செலவு 4,000. சுங்க வரி மெஷின் விலைக்கு மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். கப்பல், விமானக் கூலி, காப்பீடு எல்லாவற்றையும் சேர்த்த தொகைக்குத்தான் வரி. சொந்த உபயோகத்துக்கு வரவழைக்கும் பொருளுக்கு அப்போது 35% அடிப்படை வரி, அந்த வரியின் மேல் 10% சமூக நல சர்சார்ஜ், இவையெல்லாம் சேர்ந்த தொகையின் மேல் 28% ஐஜிஎஸ்டி (இறக்குமதிக்குப் போடும் ஜிஎஸ்டி). மொத்தம் 77.28%, அதாவது 20,000-க்கு 15,456 ரூபாய். இந்த விகிதம் பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறக்கூடியது. ஆர்டர் போடும் நாளில் எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வரியை நமக்காக முன்கூட்டிக் கட்டியதற்கு கூரியர்காரர்கள் தனியாக ஒரு கட்டணம் போடுவார்கள், அதற்கும் ஜிஎஸ்டி உண்டு. கிரெடிட் கார்டில் வெளிநாட்டுப் பணமாற்றத்துக்கு 3.5%, அதன் மேல் 18% ஜிஎஸ்டி என்று இன்னொரு 826 ரூபாய். கடையின் தளமே ரூபாயில் விலை காட்டினால் மயங்க வேண்டாம், அவர்கள் போடும் மாற்று விகிதம் பெரும்பாலும் நமக்கு நஷ்டம். டாலரிலேயே கட்டுங்கள். சில விற்பனையாளர்கள் ‘கிஃப்ட் என்று எழுதி அனுப்பட்டுமா?’ என்று கேட்பார்கள். 5,000 ரூபாய் வரை பரிசுக்கு இருந்த வரிச் சலுகை 2019 டிசம்பரிலேயே போய்விட்டது, அதனால் பிரயோஜனம் இல்லை.

இதுவரை சொன்னதையெல்லாம் ஒரு தாளில் முன்கூட்டியே போட்டுப் பார்த்துவிடலாம். தாளில் வராத செலவு மெஷின் வீட்டுக்கு வந்த பிறகுதான் ஆரம்பம்.

அங்கே மின்சாரம் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் (நொடிக்கு எத்தனை முறை மின்சாரம் அலைகிறது என்ற கணக்கு). இங்கே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். நேராகச் செருகினால் புகைதான். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் வோல்ட்டைக் குறைத்துத் தரும் ஒரு ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மர் வாங்கினேன். மெஷினின் வாட்ஸுக்குச் சரியாக வாங்காமல், குறைந்தது இரண்டு மடங்கு தாங்குவதாகப் பார்த்து வாங்க வேண்டும், ஏனென்றால் மோட்டார் கிளம்பும்போது அதிகம் இழுக்கும். அந்தப் பெட்டி கனமானது, ஸ்விட்சை அணைக்காமல் விட்டால் சும்மா இருக்கும்போதே சூடாகி முனகிக்கொண்டிருக்கும். சமையல் மேடையில் அதற்கும் ஓர் இடம் போயிற்று. என்னுடையது டிசி மோட்டார் என்பதால் ஹெர்ட்ஸ் வித்தியாசம் பாதிக்கவில்லை. மிக்ஸி மாதிரி கார்பன் பிரஷ் வைத்த மோட்டாரும் தப்பிக்கும். இண்டக்‌ஷன் மோட்டார் என்றால் அது சுற்றுவதே ஹெர்ட்ஸைப் பொறுத்துத்தான், அதனால் வேகம் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறையும், சூடும் ஏறும். டிரான்ஸ்பார்மர் வோல்ட்டைத்தான் மாற்றும், ஹெர்ட்ஸை மாற்றாது. வாங்கும் முன் விற்பவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வியே எந்த வகை மோட்டார் என்பதுதான்.

அப்புறம் வாரண்டி. தாளில் ஒரு வருடம் போட்டிருந்தது, ஆனால் அமெரிக்காவுக்குள் மட்டும். பழுதானால் திருப்பி அனுப்பும் கூலி நம் தலையில். குறைபாடுள்ள பொருளைத் திருப்பி அனுப்பினால் கட்டிய சுங்க வரியைக் கேட்டுப் பெற சுங்கச் சட்டத்தின் 26ஏ பிரிவில் இடம் இருக்கிறது. ஆனால் சாதாரணமாக 30 நாள்தான் அவகாசம். அதற்குள் குறையைக் கண்டுபிடித்து, விற்பவரை ஒப்புக்கொள்ள வைத்து, பார்சலையும் கிளப்ப வேண்டும். ஒற்றை மெஷினுக்கு அந்த அலைச்சலைச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

அரைக்கும் பல்தகடு தேய்ந்தபோது புதியதன் விலையைவிட அதை அனுப்பும் கூலி அதிகமாக இருந்தது. இரண்டுக்கும் சேர்த்து மறுபடி வரி வேறு. ஊருக்கு வந்த அக்கா மகனிடம் சொல்லிப் பெட்டியில் கொண்டுவரச் செய்தேன்.

கையால் சுற்றி அரைக்கும் மெஷின் என்றால் இன்றைக்கும் வெளிநாட்டில் தயங்காமல் வாங்குவேன், அதில் மோட்டாரும் இல்லை, வோல்ட்டும் இல்லை. மோட்டார் உள்ளதுதான் வேண்டும் என்றால் அதே மாடலின் 230 வோல்ட் வடிவம் ஐரோப்பியக் கடைகளில் கிடைக்கிறதா என்று பாருங்கள். விலை கொஞ்சம் கூட இருந்தாலும் பிளக் மாற்றியோடு வேலை முடிந்துவிடும்.