பெங்களூரு – மதுரை சைக்கிளில்: சொந்தக்காரர் வீடுகளை நம்பிப் போனால் எது தாங்கும், எது தாங்காது

மடிவாலாவில் ராத்திரி பஸ் ஏறினால் விடியும்போது மதுரை. அதே தூரம், ஏறத்தாழ 440 கி.மீ., தனியாக மிதிக்க ஐந்து நாள் வேண்டும். வழியில் தங்க வீடுகள் இருந்தால் கூடாரம், பாய், அடுப்பு எதுவும் தேவையில்லை. 15 கிலோ மூட்டை 6 கிலோவாக இறங்கிவிடும். சைக்கிளுக்கு எவ்வளவு செலவழிக்க வேண்டும், பின்சக்கரம் எத்தனை நாள் தாங்கும் என்பதெல்லாம் இந்த 9 கிலோவை வைத்துத்தான் முடிவாகிறது. கீழே உள்ளவை, இரண்டு மூன்று சீசன் ஓடிய சாதாரண ஹைப்ரிட் சைக்கிளுக்குப் பொருந்தும்: 700×35 டயர், ரிம் பிரேக் (சக்கர வளையத்தையே அழுத்திப் பிடிப்பது), ஷிமானோ 3×8 கியர் (முன்னால் 3, பின்னால் 8 பல்சக்கரம்).

இந்த வழிக்கு இதற்கு மேல் விலை கொடுத்து வாங்கத் தேவையில்லை. பெங்களூரு சுமார் 900 மீட்டர் உயரம், சேலம் 280 மீட்டர் அளவு. போகும்போது மொத்தத்தில் இறக்கம்தான். சூளகிரிப் பக்கம் வரும் ஏற்றங்களுக்கு முன்னால் 28 பல், பின்னால் 34 பல் இருந்தால் உட்கார்ந்தபடியே ஏறிவிடலாம். திரும்பியும் மிதிப்பதாக இருந்தால் கிருஷ்ணகிரி – ஓசூர் ஏற்றத்துக்காக ஒரு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ள வேண்டும்.

பெங்களூரை விட்டுக் காலை 5 மணிக்குள் கிளம்பிவிட வேண்டும். சில்க் போர்டும் பொம்மசந்திராவும் ஏழரைக்கு மேல் சைக்கிளுக்கு ஆகாது. முதல் நாள் கிருஷ்ணகிரி 90, இரண்டாம் நாள் சேலம் 115, பிறகு கரூர் 95, திண்டுக்கல் 75, மதுரை 65. தருமபுரியில்தான் வீடு என்றால் ஓசூரிலிருந்து ராயக்கோட்டை, பாலக்கோடு வழியாகப் போவது தூரம் குறைவு. தக்காளி ஏற்றிய வண்டிகள் மட்டும் அவசரமாகப் போகும், ஒதுங்கிக்கொள்ளவும். வீடு ஊருக்கு வெளியே 8 கி.மீ. உள்ளே இருந்தால் போகவர 16 என்று கணக்கில் சேர்க்க வேண்டும். பலர் சறுக்குவது இங்கேதான்.

தருமபுரிக்கும் சேலத்துக்கும் நடுவில் வரும் தொப்பூர் இறக்கத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். பிரேக் பிடிக்காமல் லாரிகள் மோதும் இடம் என்று பெயர் எடுத்த சாலை அது. இருட்டிலும் மழையிலும் இறங்கவே கூடாது. ரிம் பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டே போனால் ரிம் சூடேறும்; முன்னும் பின்னும் மாற்றி மாற்றி, விட்டு விட்டுப் பிடிக்க வேண்டும். லாரிகள் கூட்டமாக வந்தால் ஓரத்தில் நின்று விட்டுவிடுவதில் வெட்கம் ஒன்றுமில்லை. கிளம்பும் முன் பிரேக் கட்டையின் கோடு அழிந்திருக்கிறதா என்று பார்த்து, அழிந்திருந்தால் மாற்றிவிடுங்கள்.

பஞ்சர்தான் இந்தப் பயணத்தின் தினப்படி. நான்குவழிச் சாலையின் ஓரத்தில் வெடித்த லாரி டயர்களிலிருந்து உதிர்ந்த முடி போன்ற கம்பிகள் கிடக்கும். குத்தியதும் காற்று போகாது, ஒரு மணி நேரம் கழித்து மெதுவாக இறங்கும். டியூபை மட்டும் மாற்றிவிட்டுக் கிளம்பினால் அடுத்த 10 கி.மீ.யில் அதே இடத்தில் மறுபடி இறங்கும், ஏனென்றால் கம்பி டயருக்குள்ளேயே இருக்கிறது. டயரின் உட்புறத்தில் பழைய பனியன் துணியை வைத்துத் தேய்த்தால் கம்பி இருக்கும் இடத்தில் துணி மாட்டும். புருவம் பிடுங்கும் சிறிய இடுக்கியால் அதை இழுத்துவிடலாம், விரலால் முடியாது. கரூருக்குத் தெற்கே சீமைக்கருவேல முள். சைக்கிளைச் சாலையை விட்டு மண்ணில் உருட்டினால் முள் இலவசம். டியூப் இரண்டு, பேட்ச் பத்து, சொல்யூஷன், உப்புத்தாள், டயரை நெம்பிக் கழற்றும் லீவர் இரண்டு, கைப்பம்பு, இவ்வளவும் கட்டாயம். திறந்த சொல்யூஷன் டியூப் சில மாதத்தில் காய்ந்துவிடும். புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள்.

காற்று, பின்னால் 65 பி.எஸ்.ஐ., முன்னால் 55 போதும். டயர் ஓரத்தில் அச்சடித்த உச்ச அளவைத் தாண்டக் கூடாது. லாரி பஞ்சர் கடைக் காற்றுக் குழாயை நேராக வைத்தால் கண் சிமிட்டுவதற்குள் டியூப் வெடிக்கும். டியூபில் இருப்பது ஒல்லியான பிரெஸ்டா வால்வு என்றால் பித்தளை அடாப்டர் ஒன்றைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் எந்தக் கடைக் குழாயும் பொருந்தாது.

அடுத்தது கேரியர். அலுமினிய கேரியர் எடை குறைவுதான், ஆனால் முறிந்தால் சாலையோரப் பட்டறையில் ஒட்ட முடியாது. இரும்பு கேரியர் 400, 500 கிராம் கூடுதல். ஆனால் லாரிக்கு நாமக்கல், பஸ்ஸுக்குக் கரூர் என்று பாடி கட்டும் ஊர்கள் வழியில் வரிசையாக இருக்கும்போது, வெல்டிங் பத்து நிமிட வேலை. கேரியரைப் பிடிக்கும் எம்5 போல்ட்டுகள் அதிர்வில் கழலும். தினமும் காலையில் அலன் கீயால் ஒரு சுற்றுப் பாருங்கள், மாற்று போல்ட் இரண்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்போக்ஸ் கம்பி உடைவது பெரும்பாலும் பின்சக்கரத்தில், செயின் பக்கத்தில், வளைவில். அதை மாற்ற கேசட்டை, அதாவது பின்சக்கரத்தின் பல்சக்கர அடுக்கை, கழற்ற வேண்டும். அதற்கான கருவி சிற்றூர்க் கடைகளில் இருக்காது. புதுச் சக்கரம் என்றால் முதல் 300, 400 கி.மீ. ஓடியதும் ஒருமுறை கோட்டம் எடுத்து, கம்பிகளை ஒரே இறுக்கத்துக்குக் கொண்டுவந்துவிட்டால் 6 கிலோ பாரத்துக்கு அது அசையாது. செயினைத் துடைத்து எண்ணெய் விடுவது 150 கி.மீ.க்கு ஒருமுறை. செயின் எவ்வளவு நீண்டிருக்கிறது என்று அதற்கான அளவுகோலில் பாருங்கள், 0.75 சதவீதம் காட்டினால் மாற்றியே ஆக வேண்டும். தள்ளிப்போட்டால் கேசட்டும் சேர்ந்து தேயும், செலவு பல மடங்கு.

இனி வீடுகள். முந்தின நாளே போனில் மூன்று விஷயம் சொல்லிவிட வேண்டும்: வந்து சேரும் நேரம், சாப்பாடு ஏழரைக்குள், கிளம்புவது விடிகாலை ஐந்தரைக்கு. மூன்றாவதை யாரும் நம்புவதில்லை. "ரெண்டு இட்லி சாப்ட்டுட்டுப் போப்பா, இதோ ஆயிடும்" என்று அத்தை அடுப்பைப் பற்றவைத்தால் கிளம்ப எட்டரை ஆகும், மீதி 70 கி.மீ. உச்சி வெயிலில். ராத்திரியே பழைய சோற்றில் தண்ணீர் ஊற்றி வைக்கச் சொல்வது நல்லது. காலையில் மோரும் சின்ன வெங்காயமும் போதும், யாரையும் எழுப்ப வேண்டியதில்லை, உப்பும் உள்ளே போய்விடும். அடுக்குமாடி வீடு என்றால் சைக்கிள் எங்கே நிற்கும் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். வாட்ச்மேன் இருக்கிறார் என்பது பூட்டுக்கு மாற்றாகாது. பையையும் விளக்கையும் கழற்றி மேலே கொண்டுபோங்கள்.

துணி இரண்டு செட் போதும், போனவுடன் அலசிப் போட்டால் காலைக்குள் காய்ந்துவிடும். பனி, மழை நாட்களில் பஞ்சுத் துணி காயாது, பாலியஸ்டர்தான். கையில் கொண்டுபோவது வீட்டுக்குக் கால் கிலோ மைசூர் பாக்கு என்றால் நான்கு வீட்டுக்கு ஒரு கிலோ ஆகிவிடும். அதைவிட அந்தந்த ஊரில் கடைசி 2 கி.மீ.யில் பழம் வாங்கிக்கொள்வது மேல். திரும்பக் கொடுக்கிறார்களே, அதுதான் சிக்கல். இட்லிப் பொடியை வாங்கிக்கொள்ளலாம், அது கைப்பிடி அளவுதான். கண்ணாடிப் பாட்டில் ஊறுகாய், முறுக்கு டின் இரண்டையும் கொரியரில் அனுப்பச் சொல்லிவிடுங்கள். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும், பையில் எண்ணெய் வழிவதைவிட அது பரவாயில்லை.

காலம், டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி நடு வரை. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கரூர் – திண்டுக்கல் பகுதியில் மேற்கிலிருந்து வரும் காற்று சைக்கிளைப் பக்கவாட்டில் தள்ளும், லாரி கடக்கும்போது ஒரு கணம் காற்று அடைபட்டு உள்ளே இழுக்கும்.

திரும்ப ரயில் என்றால், மதுரை நிலையத்தின் பார்சல் அலுவலகத்தில் பயணச்சீட்டைக் காட்டிப் பதிவது எளிது. நடுவில் இரண்டு நிமிடம் நிற்கும் ஊரில் ஏற்றத் தயங்குவார்கள். பெடலைக் கழற்றி, ஹேண்டிலைத் திருப்பி, பின் கியரைச் சுற்றி அட்டை கட்டுங்கள். அந்தக் கியர் தொங்கும் சின்ன அலுமினிய ஹேங்கர் ஒவ்வொரு மாடலுக்கும் வேறு. வளைந்தால் ஊரில் கிடைக்காது. கிளம்பும்போதே ஒன்று வாங்கி சீட்டுக்கடியில் ஒட்டிவையுங்கள்.