அக்னி நட்சத்திரத்துக்கு ஏர் கூலரா, ஏசியா?

முதலில் ஊரைப் பாருங்கள். கூலர் தண்ணீரை ஆவியாக்கித்தான் காற்றைக் குளிர வைக்கிறது. வேலூர் போன்ற வறண்ட வெயிலில் நன்றாக வேலை செய்யும். சென்னைக் கடற்காற்றில் ஏற்கெனவே ஈரம் இருப்பதால் பிசுபிசுப்புதான் மிஞ்சும்.

மின்சாரம்: கூலர் சுமார் 200 வாட், எட்டு மணி நேரத்துக்கு ஒன்றரை யூனிட்.
1.5 டன் ஏசிக்கு அதைப்போல் நாலைந்து மடங்காவது ஆகும். 26 டிகிரியில் வைத்து மின்விசிறியும் போட்டால் குறையும்.

ஜன்னல்: ஏசிக்கு மூட வேண்டும். கூலருக்குத் திறக்க வேண்டும். பலர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். மூடிய அறையில் ஈரம் தேங்கி, அரை மணியில் புழுக்கம் வந்துவிடும். கூலரின் முதுகு ஒரு ஜன்னலை ஒட்டியும், எதிர்ப்பக்க ஜன்னல் நாலு விரல் திறந்தும் இருக்கட்டும்.

பராமரிப்பு: ஏசிக்கு இரு வாரத்துக்கொருமுறை ஃபில்டரைக் கழுவினால் போதும். கூலரில் போர் தண்ணீர் ஊற்றினால் தண்ணீரில் நனைந்து காற்றைக் குளிர்விக்கும் பேடில் வெள்ளை உப்பு படிந்து காற்று அடைபடும். தொட்டித் தண்ணீரை மாற்றாவிட்டால் கொசு.

சத்தம்: ஓடிடியில் புதுப்படம் பார்ப்பவர்களுக்குக் கூலர் எதிரி, வசனமே கேட்காது!

வாடகை வீடு, உள்மாவட்டம் என்றால் கூலர். கடலோரம், கைக்குழந்தை என்றால் யோசிக்காமல் ஏசி.