கானாடுகாத்தான் விடுதியின் பங்குனிக் காலைப் பறவை நடை

கானாடுகாத்தானில் பழைய நகரத்தார் வீடொன்றைச் செப்பனிட்டு நடத்தும் விடுதியில், மாசிப் பிற்பகுதி முதல் சித்திரை வரை, தங்க வருபவர்களைக் காலையில் பறவை பார்க்க அழைத்துச் செல்கிறார்கள். இதற்குத் தனிக் கட்டணம் இல்லை. அறை வாடகையிலேயே அடங்கிவிடுகிறது. ஆத்தங்குடிக் கல் பதித்த வளவைப் பற்றியும் மதிய விருந்தைப் பற்றியும் பலர் எழுதிவிட்டதால் இந்த நடையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். செட்டிநாட்டுக்கு வருபவர்கள் தவறவிடக் கூடாதது இது என்பது என் உறுதியான எண்ணம்.

வழிகாட்டுபவர் உள்ளூர்க்காரர். பூத்த மரம் எது என்று முதல் நாளே பார்த்து வைத்துக்கொண்டு, மறுநாள் அதனடியில் நம்மை நிறுத்திவிடுவது அவருடைய முறை. "இங்கனயே நில்லுங்கய்யா, பூவுக்கு அதுவா வரும்" என்றார். மழை ஓய்ந்து மாதங்களாகி, ஊருணியில் தண்ணீர் அடிப்படிக்கு இறங்கிவிட்ட செம்மண் சீமையில், நாட்டு மரங்கள் பலவும் வெயில் ஏறத் தொடங்கும்போதுதான் இலையை உதிர்த்துவிட்டுப் பூக்கின்றன என்பதால், அந்த முறை நன்றாகவே பலிக்கிறது.

கொல்லையில் நிற்கும் கல்யாண முருங்கையில் ஓர் இலைகூட இல்லை; கிளை நுனிதோறும் சிவந்த பூங்கொத்து. மைனாவும் காகமும் கரிச்சானும் அதில் தேன் குடிக்க மாறி மாறி வந்தன. பூவுக்குள் தலையை விட்டு எடுத்த மைனாவின் நெற்றியில் மகரந்தம் அப்பியிருந்தது வெறுங்கண்ணுக்கே தெரிந்தது. இளஞ்சிவப்பு உடலும் கறுத்த தலையும் கொண்ட சூறைக்குருவிகளும் கூட்டமாக இறங்கின; குளிர்காலத்தைக் கழிக்க வந்த இவை சித்திரையோடு வடக்கே புறப்பட்டுவிடும். மழைக்காலத்தில் மங்கிப்போயிருந்த ஆண் ஊதாத் தேன்சிட்டு இப்போது முழு மினுமினுப்போடு கத்திக்கொண்டிருந்தது.

பட்டுப்போன கிளையொன்றில் செம்மார்புக் குக்குறுவானைக் காட்டியது இந்த நடையின் சிறந்த பகுதி. 'டுக், டுக்' என்ற அந்த ஓயாத ஒலியைக் கேட்டவர்கள் ஏராளம். அது கத்தும்போது அலகைத் திறப்பதே இல்லை என்பதைப் பார்த்தவர்கள் குறைவாகவே இருப்பார்கள். தொண்டை மட்டும் விம்மித் தாழ்கிறது. கத்தும்போது தலையை இப்படியும் அப்படியும் திருப்புவதால், ஒலி வெவ்வேறு திசைகளிலிருந்து வருவது போலத் தோன்றுகிறது. அதே கிளையில் அது குடைந்திருந்த, அச்சில் வார்த்தாற்போன்ற வட்டத் துளையையும் தள்ளி நின்றே காட்டினார். காகங்கள் கூடு கட்டும் பருவத்தையொட்டிக் குயிலின் கூவல் வலுக்கிறது என்பதையும் காகக் கூட்டைக் காட்டியே விளக்கினார்.

அய்யனார் கோயில் பக்கத்து இலுப்பைக்கு விடியுமுன் போக வேண்டும். இரவெல்லாம் வௌவால்கள் மொய்த்த மரத்தடியில் சதைப்பற்றுள்ள வெளிர்மஞ்சள் பூக்கள் உதிர்ந்து கிடக்கும். நகரத்தார் கோயில்கள் ஒன்பதில் ஒன்றிருக்கும் ஊருக்கே இலுப்பைக்குடி என்று பெயர். அப்படிப்பட்ட சீமையில் இந்த மரம் அருகி வருவது எனக்கு வேதனையாக இருக்கிறது.

குறைகளையும் சொல்ல வேண்டும். காப்பி கொடுத்து ஏழு மணிக்குப் புறப்படுவது மிகவும் தாமதம்; ஒன்பதுக்கெல்லாம் வெயில் சுட்டுவிடுகிறது. குழுவுக்கு ஒரே ஒரு தொலைநோக்கி போதாது. முகப்புத் தோட்டம் முழுக்கப் புல்தரையும் வெளிநாட்டு அலங்காரச் செடிகளுமாக இருக்கிறது. அங்கே ஒரு குருவியும் தங்கவில்லை. ஒரு புங்கமும் ஒரு மகிழமும் வைக்க இடம் தாராளமாக இருக்கிறது. ஆனால் வேறோர் ஊரில் நான் கண்டதுபோல், கைப்பேசியில் பதிவுசெய்த குரலை ஒலிக்கவிட்டு, கூடு கட்டும் பறவையை அலைக்கழிக்கும் பழக்கம் இங்கே அறவே இல்லை. அதற்காகவே இவர்களை மனதாரப் பாராட்டுகிறேன்.

சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூரை அடுத்த வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்துக்குக் கூடுதல் கட்டணத்தில் வண்டி ஏற்பாடு செய்கிறார்கள். 1977-இல் அறிவிக்கப்பட்ட அந்தச் சரணாலயத்தின் பறவைகளுக்காகச் சுற்றுவட்டாரத்து மக்கள் தீபாவளிக்குக்கூட வெடி வெடிப்பதில்லை. அவசியம் பார்க்க வேண்டிய இடம். ஆயினும் நீர்ப்பறவைகள் கூடும் காலம் கார்த்திகை முதல் மாசி வரை என்பதால், பங்குனியில் போவோர் அந்தப் பணத்தை மிச்சப்படுத்திவிட்டு, முன்பதிவின்போதே கொல்லைப்புறத்து மாடி அறையையும் ஆறு மணிப் புறப்பாட்டையும் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.