ஸ்விஃப்ட் விஎக்ஸ்ஐ-க்கு 15 இஞ்ச் அலாய்: 185/65 டயர் போட்டு ஓட்டிய அனுபவம்

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அவசரக்காரர்கள் இதோடு கிளம்பிவிடலாம். 2018-க்குப் பிறகு வந்த மாருதி ஸ்விஃப்டில் கீழ் ரகங்களான எல்எக்ஸ்ஐ அல்லது விஎக்ஸ்ஐ வைத்திருக்கிறீர்கள், கம்பெனி கொடுத்த 14 இஞ்ச் ஸ்டீல் ரிம்மைக் கழற்றிவிட்டு அலாய் (அலுமினியக் கலவைச் சக்கரம்) போட ஆசை என்றால், 15 இஞ்ச் அலாய், 185/65 ஆர்15 டயர். இல்லை, 16 போட்டால்தான் மனசு ஆறும் என்றால் 195/55 ஆர்16. அதற்கு மேல் வேண்டாம். 17 இஞ்ச் போட்ட ஸ்விஃப்ட் நின்றால் அழகுதான், ஆனால் வண்டி நிற்பதற்கு வாங்குவதில்லையே.

இனி காரணங்கள். டயரின் பக்கவாட்டில் 165/80 ஆர்14 என்று எழுதியிருப்பதில் 165 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 80 என்பது பக்கச்சுவரின் உயரம், ஆனால் மில்லிமீட்டர் இல்லை, அகலத்தில் 80 சதவீதம். இந்த ஒரு விஷயம்தான் பலரையும் குழப்புகிறது, ஏனென்றால் அதே 65 என்ற எண் 185 டயரில் ஒரு உயரத்தையும் 195 டயரில் வேறு உயரத்தையும் குறிக்கும். 14 என்பது ரிம்மின் விட்டம், அது மட்டும் இஞ்சில். ஒரே வரியில் மில்லிமீட்டர், சதவீதம், இஞ்ச் மூன்றையும் கலந்து வைத்த புண்ணியவான் யாரோ.

கணக்கு போட்டுப் பார்ப்போம். 165-இல் 80 சதவீதம் 132 மி.மீ. மேலும் கீழும் சேர்த்து 264. ரிம் 14 இஞ்ச், அதாவது 355.6 மி.மீ. மொத்த விட்டம் சுமார் 620 மி.மீ. இந்த 620-ஐ மறக்காதீர்கள், அலாய் எத்தனை இஞ்ச் ஆனாலும் டயரோடு சேர்ந்து வெளிவிட்டம் இதையொட்டியே வரவேண்டும். 185/65 ஆர்15 போட்டால் 621.5. வித்தியாசம் அரை சதவீதம்கூட இல்லை. 195/55 ஆர்16 போட்டால் 621. இதுவும் சரி. மாருதியே ஸ்விஃப்டின் மேல் ரகமான இசட்எக்ஸ்ஐ-க்கு 185/65 ஆர்15 கொடுத்திருக்கிறது, பலேனோவின் மேல் ரகங்களுக்கு 195/55 ஆர்16. ஆக கம்பெனி இன்ஜினியர்கள் ஏற்கெனவே போட்டு வைத்த கணக்கைத்தான் நாம் எடுத்துக்கொள்கிறோம், புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை.

ஆனால் கடைக்குப் போனால் கதை வேறு. நான் விசாரித்த கடைகளில் ஒன்றில், பெயர் வேண்டாம், காரின் மாடலைக் கேட்ட அடுத்த நொடியே "195/65 போட்டுருங்க சார், வண்டி கெத்தா நிக்கும்" என்றார்கள். 195/65 ஆர்15-இன் விட்டம் 634.5 மி.மீ. இது 2.4 சதவீதம் பெரியது. ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது வண்டி பழைய டயரில் போனதைவிட இரண்டரை கிலோமீட்டர் கூடுதலாகப் போகும், ஓடோமீட்டரும் ஓடிய தூரத்தைக் குறைத்துக் காட்டும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், பின்சீட்டில் மூன்று பேர் உட்கார்ந்து ஸ்பீட் பிரேக்கரில் இறங்கும்போது டயர் மட்கார்டில் உரசினால் என்ன செய்வது? சின்ன இன்ஜினுக்குப் பெரிய டயரை உருட்டுவதும் கூடுதல் வேலை. ஏன் இதைச் சிபாரிசு செய்கிறீர்கள் என்று கேட்டதற்கு வந்த பதில் "ஸ்டாக் இருக்கு சார்" என்பது. நேர்மையான பதில், பாராட்ட வேண்டும்.

இதே மாதிரி மறுபக்கத் தப்பும் நடக்கிறது. 16 இஞ்ச் அலாயில் 195/50 போட்டு விடுகிறார்கள். அது 601 மி.மீ.தான், கிட்டத்தட்ட 3 சதவீதம் சின்னது. வண்டி ஒன்பது மி.மீ. கீழே இறங்கும், மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே ஓட்டை தெரியும், செலவு செய்து அலாய் போட்டும் வண்டி என்னவோ பட்டினி கிடந்த மாதிரி இருக்கும்.

விட்டத்துக்கு அடுத்து யாருமே பார்க்காத எண் ஒன்று இருக்கிறது, லோடு இண்டெக்ஸ். அளவுக்குப் பக்கத்திலேயே 85டி, 88எச் என்று இருக்கும். 85 என்றால் ஒரு டயர் 515 கிலோ தாங்கும், 87 என்றால் 545, 88 என்றால் 560. எழுத்து வேகத்துக்கு: டி என்றால் மணிக்கு 190 கிலோமீட்டர், எச் என்றால் 210. கம்பெனி டயரில் எந்த எண் இருந்ததோ அதற்குக் கீழே போகக்கூடாது, மேலே போகலாம். 185/65 ஆர்15 பொதுவாக 88, பிரச்சினை இல்லை. 17 இஞ்சுக்கு ஆசைப்பட்டு 205/45 ஆர்17 போகிறவர்கள் இங்கேதான் மாட்டுவார்கள், அந்த அளவில் சாதாரண டயர் 84-இல் வரும், அதாவது 500 கிலோ. டயர் அகலமாகத் தெரிகிறது, தாங்குவதோ பழைய ஒல்லி டயரைவிடக் குறைவு! எக்ஸ்எல் (கூடுதல் சுமை தாங்கும் வகை) என்று போட்ட ரகம் வாங்கினால் 88 கிடைக்கும், ஆனால் அதைக் கேட்டு வாங்க வேண்டும், தானாக யாரும் எடுத்துக் கொடுக்கமாட்டார்கள்.

சரி, டயர் முடிவாகிவிட்டது, அலாய்? டிசைன் உங்கள் இஷ்டம், அதில் நான் தலையிட மாட்டேன் (கருப்பில் சிவப்புக் கோடு போட்டது மட்டும் வேண்டாம் என்று கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன்). ஸ்விஃப்டுக்கு பிசிடி 4x100, அதாவது 100 மி.மீ. வட்டத்தில் நான்கு போல்ட். இதைக் கடைக்காரர்கள் எல்லோரும் சரியாகச் சொல்வார்கள், இல்லாவிட்டால் மாட்டவே முடியாது. நடு ஓட்டையில்தான் கவனம் வேண்டும். ஸ்விஃப்டின் ஹப் (சக்கரம் வந்து உட்காரும் அச்சின் நடுப்பகுதி) 54.1 மி.மீ., வெளியில் விற்கும் அலாய்களில் பெரும்பாலும் ஓட்டை பெரிதாக, 73.1 மி.மீ. வரைக்கும் இருக்கும், பல கார்களுக்கும் பொருந்தவேண்டும் என்பதற்காக. அந்த இடைவெளிக்கு ஹப் ரிங் என்று ஒரு வளையம் போடவேண்டும். போடாவிட்டால் சக்கரம் போல்ட்டை நம்பி மட்டுமே நடுவில் நிற்கும், கொஞ்சம் விலகி மாட்டினாலும் 80-ஐத் தாண்டும்போது ஸ்டியரிங் உதற ஆரம்பிக்கும், நீங்களும் பேலன்சிங் பேலன்சிங் என்று அலைந்துகொண்டே இருப்பீர்கள். மொத்தச் செலவில் இந்த வளையத்தின் விலை ஒன்றுமே இல்லை.

அப்புறம் ஆஃப்செட். ஈடி என்று அலாயின் உள்பக்கம் பொறித்திருப்பார்கள். ஹப்பில் உட்காரும் பரப்பு, சக்கரத்தின் மையக்கோட்டிலிருந்து எத்தனை மி.மீ. வெளிப்பக்கம் தள்ளி இருக்கிறது என்பதுதான் அது. எண் குறையக் குறைய சக்கரம் வெளியே வரும். ஒரு உதாரணம்: 5.5ஜே (அதாவது 5.5 இஞ்ச்) அகலம், ஈடி45 உள்ள ரிம்மைக் கழற்றி 6.5ஜே, ஈடி38 மாட்டினால் வெளிவிளிம்பு கிட்டத்தட்ட 20 மி.மீ. வெளியே வரும், உள்விளிம்பு 6 மி.மீ. உள்ளே போகும். டயர் அளவு மாறவே இல்லை, ஆனாலும் மழையில் சேறு கதவெல்லாம் அடிக்கும், வீல் பேரிங்குக்கும் சுமை கூடும். 185/65 டயருக்கு ரிம் அகலம் 5-லிருந்து 6.5ஜே வரை அனுமதி உண்டு என்றாலும் 5.5 அல்லது 6 எடுத்துக்கொள்வதுதான் நல்லது. டயரைக் கணக்கு போட்டு வாங்கிவிட்டு ரிம்மில் கோட்டை விடுகிறவர்கள்தான் அதிகம்.

நான் கடைசியில் போட்டது சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் ஒரு கடையில். அந்தத் தெருவைப் பற்றிச் சென்னைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மவுண்ட் ரோடிலிருந்து திரும்பினால் இரண்டு பக்கமும் சீட் கவர், மியூசிக் சிஸ்டம், அலாய் என்று கார் சாமான் கடைகள்தான். வண்டியை ஓரமாக நிறுத்துவதே பெரும் பாடு. இந்தக் கடையை நான் தேர்ந்தெடுத்ததற்கு ஒரே காரணம், அங்கிருந்த பெரியவர் அலாய் டிசைன் பட்டியலை எடுப்பதற்கு முன்னால் டிரைவர் கதவைத் திறந்து அங்கே ஒட்டியிருக்கும் டயர் அளவு, காற்றழுத்த ஸ்டிக்கரைப் படித்தார். "உங்க வண்டி 80 சீரிஸ் சார், அதனால 15-ல 65தான் வரும்" என்று கணக்கு போடாமலே சொன்னார். மாட்டும்போது முதலில் ஒரு அலாயை டயர் இல்லாமல் முன்னால் மாட்டிச் சுற்றிப் பார்த்தார்கள், பிரேக் கேலிபரில் எங்காவது இடிக்கிறதா என்று. அதன் பிறகுதான் டயர் ஏற்றினார்கள். ஏற்றிய டயரைக் கடை திரும்ப எடுக்காது, ஆகவே இது நம் பணத்தைக் காப்பாற்றும் வேலை.

குறையும் உண்டு. டயரின் தயாரிப்புத் தேதியை நானாகக் கேட்டுத்தான் பார்த்தேன். பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும், 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். நான்கில் ஒன்று மற்றதைவிடப் பழையதாக இருந்தது, சொன்னதும் மாற்றிக் கொடுத்தார்கள், ஆனால் சொன்ன பிறகுதான். போல்ட் நட்டுகளை ஏர் கன் வைத்து டர்ரென்று முறுக்கிவிட்டு அடுத்த வண்டிக்குப் போகப் பார்த்தார் தம்பி ஒருவர். டார்க் ரெஞ்ச் (அளவான விசையில் நட்டை முறுக்கும் ஸ்பேனர்) இருக்கிறதா என்று கேட்டதும் உள்ளேபோய் எடுத்து வந்தார், இருந்திருக்கிறது! கொஞ்ச தூரம் ஓட்டிய பிறகு ஒருமுறை நட்டுகளைச் சரிபார்க்கச் சொன்னார்கள், அது நல்ல பழக்கம்.

இப்போது ஓட்டம். கார்னரில் வித்தியாசம் முதல் நாளே தெரிந்தது. பழைய 165 டயரில் ஈசிஆர் வளைவுகளில் ஸ்டியரிங்கைத் திருப்பிய பிறகு வண்டி ஒரு கணம் யோசித்துத்தான் திரும்பும், இப்போது அந்த யோசனை இல்லை. மழையில் பிரேக் அடித்தாலும் நம்பிக்கையாக இருக்கிறது, அதில் அளவுக்கு எவ்வளவு பங்கு, புது டயரின் பட்டனுக்கு (தரையைப் பிடிக்கும் ரப்பர் கட்டைகளுக்கு) எவ்வளவு பங்கு என்று பிரிக்க முடியாது, தேய்ந்த டயரைக் கழற்றிப் புதுசு போட்டால் எதுவுமே நன்றாகத்தான் இருக்கும். பார்க்கிங்கில் ஸ்டியரிங் லேசாகக் கனக்கிறது. மைலேஜ் கொஞ்சம் குறைந்திருக்கிறது, ஹைவேயில் தெரியவில்லை, சிட்டியில் தெரிகிறது.

பள்ளம்தான் முக்கியமான பரீட்சை. பக்கச்சுவர் 132 மி.மீ.யிலிருந்து 120 ஆகிவிட்டது, 12 மி.மீ. ரப்பர் போய்விட்டது. மெட்ரோ வேலைக்காகத் தோண்டிப்போட்ட ஆற்காடு சாலையில் போகும்போது முன்பு தொப்பென்று விழுந்தது இப்போது தடக்கென்று விழுகிறது, அவ்வளவுதான், முதுகு தாங்குகிறது. 16 இஞ்சில் 195/55 என்றால் பக்கச்சுவர் 107, அதுவே அந்தச் சாலைக்கு ஓரளவு சவால். 17 இஞ்சில் 205/45 என்றால் 92 மி.மீ. மட்டும். ஒரு நல்ல பள்ளத்தில் வேகமாக இறங்கினால் டயரின் பக்கத்தில் புடைப்பு வரும், அல்லது அலாய் வளையும், அதிர்ஷ்டம் இருந்தால் இரண்டும். ஸ்டீல் ரிம் வளைந்தால் சுத்தியலால் தட்டிச் சரிசெய்யலாம், அலாயில் விரிசல் விட்டால் வெல்டிங் வைத்து ஓட்டுவது ஆபத்து, மாற்றுவதுதான் வழி.

185/65-க்கு இன்னொரு பெரிய லாபம், எந்த ஊரில் பங்க்சர் ஆகி டயர் கிழிந்தாலும் கிடைக்கும். எர்டிகாவுக்கும் இதே அளவுதான், டாக்ஸியாக எர்டிகா ஓடாத ஊர் ஏது? எம்ஆர்எஃப், அப்போலோ, சியட், பிரிட்ஜ்ஸ்டோன் என்று எல்லோரும் இந்த அளவில் போடுகிறார்கள். 2020 ஜூனில் மத்திய அரசு டயர் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியதிலிருந்து, வெளிநாட்டு டயரை நம்பி அபூர்வ அளவு போட்டவர்கள்பாடு கொஞ்சம் கஷ்டம்.

ஸ்டெப்னியை மாற்றவில்லை, பழைய 14 இஞ்ச் ஸ்டீல் ரிம்மேதான் டிக்கியில் இருக்கிறது. வெளிவிட்டம் இரண்டு மி.மீ.தான் வித்தியாசம் என்பதால் அவசரத்துக்கு மாட்டிக்கொண்டு டயர் கடைவரை போகலாம், நீண்ட பயணம் வேண்டாம், அகலம் வேறு. அலாய்க்குத் தனி நட்டு கொடுத்திருந்தால் பழைய நட்டுகளையும் டிக்கியிலேயே போட்டு வையுங்கள், நடுரோட்டில்தான் அது நினைவுக்கு வரும். இன்ஷூரன்ஸ் புதுப்பிக்கும்போது அலாயைத் துணைப்பொருளாக பில்லோடு சேர்த்துவிடுங்கள், சேர்க்காமல் திருட்டுப் போனாலோ அடிபட்டாலோ ஸ்டீல் ரிம் விலைக்குத்தான் பேசுவார்கள்.

செலவு, நாலு அலாய், நாலு டயர், பேலன்சிங், அலைன்மென்ட் எல்லாம் சேர்த்து ஐம்பதாயிரத்துக்குக் கொஞ்சம் மேலே. பழைய டயரை எடுத்துக்கொண்டு கடைக்காரர் கழித்தது பெயருக்குத்தான். இதைவிட மலிவாக வேண்டும் என்றால், புது இசட்எக்ஸ்ஐ வாங்கிய கையோடு பெரிய அலாய்க்கு மாறுகிறவர்கள் கழற்றி விற்கும் கம்பெனி அலாயைத் தேடுங்கள். பிசிடி, ஹப் ஓட்டை, ஆஃப்செட் எல்லாம் அளவெடுத்துத் தைத்தது, ஹப் ரிங்கே தேவையில்லை. வாங்கும் முன் பேலன்சிங் மெஷினில் டயர் இல்லாமல் ஒருமுறை சுற்றவிட்டு, விளிம்பு ஆடுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.