ஹால்மார்க் மையத்தில் நகையைக் கொடுத்துப் பார்த்தேன்: பிஐஎஸ் கேர் செயலிக்கும் சேர்த்து ஒரு விமர்சனம்

நகை வாங்கும் பழக்கம் உள்ள எந்த வீட்டிலும் ஒருவர் கைபேசியிலாவது, நகையில் இருக்கிற ஹால்மார்க் என்கிற தரச் சான்று முத்திரை உண்மையானதா என்று பார்க்க உதவும் பிஐஎஸ் கேர் செயலி இருக்க வேண்டும், கடையில் பணம் கட்டுவதற்கு முன்னால் அதைத் திறந்து பார்க்க வேண்டும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கீழே நிறையக் குறை சொல்லப் போகிறேன், அதைப் படித்துவிட்டு யாரும் இது எதற்கு என்று விட்டுவிடக் கூடாது.

செயலியைப் பற்றி மட்டும் எழுதினால் பாதி விஷயம்தான் வரும். ஹால்மார்க் முத்திரையைப் போடுவது நகைக்கடை என்றே பலர் நினைக்கிறார்கள். கடைக்காரர் பிஐஎஸ்ஸில் பதிவு செய்துகொள்கிறார், அவ்வளவுதான். நகையைச் சோதித்து முத்திரை போடுவது பிஐஎஸ், அதாவது இந்தியத் தர நிர்ணய அமைவனம், அங்கீகரித்திருக்கும் ஒரு பரிசோதனை மையம். அந்த மையங்கள் பெரும்பாலும் தனியார் நடத்துபவை. நாட்டில் விற்கிற ஒவ்வொரு சங்கிலியையும் அரசே உரசிப் பார்க்க முடியாது, அதனால் யார் உரசிப் பார்க்கலாம் என்று தேர்ந்தெடுத்து, அவர்கள் ஒழுங்காகச் செய்கிறார்களா என்று மேலே இருந்து பார்த்துக்கொள்கிறது. ஆக நம் கழுத்தில் கிடக்கிற 916 (ஆயிரம் பங்கில் 916 பங்கு தங்கம், அதாவது 22 கேரட்), அந்த மையத்தின் நேர்மைக்கும் அதைக் கண்காணிக்கிறவர்களின் கவனத்துக்கும் கட்டுப்பட்டது. நான் விமர்சனம் செய்ய நினைப்பது இந்த மொத்த ஏற்பாட்டையும்தான்.

முதலில் செயலி. ஹெச்யூஐடி என்கிற ஆறு எழுத்து எண் கலந்த குறியீடு ஒவ்வொரு நகைக்கும் தனித்தனியாக இருக்கும். 2021 ஜூலையில் வந்தது, 2023 ஏப்ரல் 1 முதல் இது இல்லாமல் ஹால்மார்க் நகையைக் கடையில் விற்கக் கூடாது என்று ஆக்கிவிட்டார்கள். இப்போது நகையில் மூன்று அடையாளங்கள் இருக்க வேண்டும்: பிஐஎஸ் முத்திரை, 22கே916 என்பது போன்ற தரம், அப்புறம் இந்த ஆறு எழுத்து. சங்கிலி என்றால் கொக்கி பக்கத்தில் லேசரில் பொடிப்பொடியாக எழுதியிருப்பார்கள், வெறும் கண்ணுக்குச் சிக்காது. அதற்காகவே பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லென்ஸ் ஒன்றைக் கடையில் வைத்திருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது, கூச்சப்படாமல் கேளுங்கள். நான் கேட்டபோது விற்பனையாளர் கொஞ்சம் தேடிவிட்டுத்தான் கொண்டுவந்தார், ஆனால் கொண்டுவந்தார்.

குறியீட்டைப் போட்டதும் திரையில் கடையின் பெயரும் பதிவு எண்ணும், மையத்தின் பெயரும் அங்கீகார எண்ணும் முகவரியும், என்ன வகை நகை, எந்தத் தேதியில் ஹால்மார்க் ஆனது, என்ன தரம் என்பதெல்லாம் வந்துவிடுகிறது. இதில் நான் ரொம்ப மதிப்பது மையத்தின் பெயர் வருவதை. இதே செயலியில் ஹெல்மெட்டோ குக்கரோ வாங்கும்போது ஐஎஸ்ஐ முத்திரைக்குக் கீழே இருக்கிற உரிம எண்ணைப் போட்டுப் பார்த்தால் தயாரிப்பாளர் யார், உரிமம் நடப்பில் இருக்கிறதா என்று தெரிகிறது, அதைச் சோதித்த ஆய்வகம் எது என்று எனக்குக் காட்டவில்லை. தலையைக் காப்பாற்ற வேண்டிய பொருளுக்கு இல்லாத வெளிப்படைத்தன்மை தங்கத்துக்கு இருக்கிறது.

குறை என்னவென்றால், எனக்கு வந்த திரையில் நகையின் எடை இல்லை, படமும் இல்லை. இது சின்ன விஷயம் கிடையாது. ஒரு நல்ல சங்கிலியின் குறியீட்டை யாராவது அப்படியே இன்னொரு மட்டமான சங்கிலியில் பொறித்துவிட்டால், செயலி இரண்டுக்கும் ஒரே பதிலைத்தான் சொல்லும். மோதிரத்தில் பொறித்தால் நகை வகை ஒத்துவராமல் மாட்டிக்கொள்வார்கள், சங்கிலிக்குச் சங்கிலி என்றால் கண்டுபிடிக்க வழியில்லை. எடை ஒன்று மட்டும் சேர்ந்து வந்தாலே தராசில் வைத்துப் பார்த்துச் சொல்லிவிடலாம். அதுவரை பில்தான் நமக்குத் துணை. ஒவ்வொரு நகையின் விவரம், தங்கத்தின் நிகர எடை, தரம், ஹால்மார்க் கட்டணம் எல்லாம் பில்லில் தனித்தனியாக இருக்க வேண்டும், செய்கூலி சேதாரத்தோடு கலந்து மொத்தமாக எழுதித் தந்தால் வாங்கிக்கொண்டு வராதீர்கள். கட்டணம் 2022-இல் 35 ரூபாயிலிருந்து 45 ஆனது, 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து என் பில்லில் 53 ரூபாய் 10 காசு. இது ஒரு நகைக்கு இவ்வளவு என்கிற கணக்கு. நகை எத்தனை பவுனாக இருந்தாலும் அதேதான்.

இனி மையம். கடையில் வாங்கிய நகையைப் பொதுமக்களே நேராக எடுத்துப்போய் அங்கீகாரம் பெற்ற எந்த மையத்திலும் சோதிக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. நான்கு உருப்படி வரை 200 ரூபாய், ஐந்து அல்லது அதற்கு மேல் என்றால் ஒன்றுக்கு 45, வரி தனி. மதுரையில் தெற்காவணி மூல வீதியை ஒட்டிய பகுதியில் இருக்கிற ஒரு மையத்துக்கு என் சங்கிலியையும் அம்மாவின் பழைய வளையல்களையும் எடுத்துக்கொண்டு போனேன். வரவேற்பில் இருந்தவர், கடைக்காரங்க சரக்கு மட்டும்தான் சார் எடுப்போம் என்றார். பொதுமக்கள் நகையை முன்னுரிமை கொடுத்துச் சோதிக்க வேண்டும் என்று பிஐஎஸ்ஸே சொல்லியிருக்கிறதே என்று கைபேசியில் காட்டியதும் உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து வாங்கிக்கொண்டார். விதியைத் தெரிந்துகொண்டு போகாத ஒரு வயதானவர் அந்த இடத்திலேயே திரும்பியிருப்பார். மையத்தின் சுவரில் அங்கீகாரச் சான்றிதழ் தொங்குகிறது, அதற்குப் பக்கத்தில் பொதுமக்கள் சோதனைக் கட்டணம் என்று தமிழில் ஒரு பலகை வைத்தால் இந்தப் பேச்சே வந்திருக்காது.

வேலை நடப்பதைக் கண்ணாடித் தடுப்புக்கு வெளியே நின்று பார்க்க விட்டார்கள், அது நன்றாக இருந்தது. முதலில் எக்ஸ்ஆர்எஃப், அதாவது எக்ஸ் கதிரைப் பாய்ச்சி உலோகத்தை அளக்கும் இயந்திரம். நகையை உள்ளே வைத்து மூடினால் கொஞ்ச நேரத்தில் தங்கம் இவ்வளவு, வெள்ளி இவ்வளவு, செம்பு இவ்வளவு என்று திரையில் வந்துவிடும். நகைக்குச் சேதமில்லை. ஆனால் அது மேற்பரப்பைத்தான் படிக்கும், உள்ளே என்ன இருக்கிறது என்று உறுதியாகச் சொல்லாது. சந்தேகம் தீர வேண்டுமானால் நெருப்புச் சோதனைதான், அதற்குச் சிறிது சுரண்டி எடுக்க வேண்டும், சம்மதமா என்று கேட்டுக் கையெழுத்து வாங்கினார்கள். வளையலுக்கு மட்டும் சம்மதித்தேன்.

நெருப்புச் சோதனையைப் பார்த்தவர்களுக்கு அதன் மேல் தனி மரியாதை வரும். சுரண்டிய துகளை எடை போட்டு, கொஞ்சம் வெள்ளி சேர்த்து ஈயத் தகட்டில் பொட்டலம் மாதிரி மடிக்கிறார்கள். அதைச் சின்னக் கிண்ணம் போன்ற ஒன்றில் வைத்து ஆயிரம் டிகிரிக்கு மேல் கொதிக்கும் உலைக்குள் தள்ளுகிறார்கள். ஈயமும் செம்பும் மற்ற கலப்படமும் உருகிக் கிண்ணத்துக்குள்ளேயே உறிஞ்சப்பட்டுவிடும், தங்கமும் வெள்ளியும் மட்டும் ஒரு மணியாக மிஞ்சும். அந்த மணியைத் தட்டி, உருளையில் விட்டு மெல்லிய நாடாவாக்கி, சுருட்டி நைட்ரிக் அமிலத்தில் கொதிக்க வைத்தால் வெள்ளி கரைந்துபோகும். மிஞ்சும் சுருள் சுத்தத் தங்கம். அதை நுண்தராசில் நிறுத்து, முதலில் எடுத்த எடையால் வகுத்தால் ஆயிரத்துக்கு எத்தனை பங்கு என்று வந்துவிடும். இதில் கணினியின் வேலை குறைவு, தராசின் துல்லியமும் வேலை செய்கிறவரின் கையும்தான் எல்லாம்.

சங்கிலி எக்ஸ்ஆர்எஃப்பில் 916-க்குக் குறையவில்லை. அம்மாவின் வளையல் 870-ஐக்கூடத் தொடவில்லை. அந்தக் காலத்தில் 22 கேரட், கேடிஎம் (காட்மியம் கலந்து பற்றவைத்த நகை) என்று சொல்லிக் கடை தன் சொந்த முத்திரையைக் குத்திக் கொடுத்தது. விற்றவரே சோதித்தவர், விற்றவரே சான்று கொடுத்தவர். இப்போது போய் யாரிடமும் எதுவும் கேட்க முடியாது. அம்மா அறிக்கையை வாங்கிப் பார்த்துவிட்டு வளையலைத் திரும்பப் போட்டுக்கொண்டார். எனக்குத்தான் இன்னும் ஆறவில்லை.

இதுவே ஹால்மார்க் நகையாக இருந்து குறைந்திருந்தால் வழி இருக்கிறது. 2018 பிஐஎஸ் விதிகளின்படி, குறைந்த தரத்துக்கான மதிப்பைப் போல இரண்டு மடங்கும் சோதனைக் கட்டணமும் இழப்பீடாகக் கிடைக்கும். இரண்டு பவுன் சங்கிலி, 916 என்று விற்றது 901 வந்தால், 16 கிராமில் ஆயிரத்துக்கு 15 குறைவு, அதாவது 0.24 கிராம் தங்கம். அதன் இரட்டிப்பு கிட்டத்தட்ட அரை கிராம் விலை. இன்றைய விலைக்கு அது விட்டுவிடக் கூடிய தொகை கிடையாது.

மையங்களைக் கண்காணிப்பது எப்படி நடக்கிறது என்று பார்த்தால், ஏட்டில் ஏற்பாடு நன்றாகவே இருக்கிறது. மையங்களுக்கென்றே ஐஎஸ் 15820 என்று தனித் தரம் வைத்திருக்கிறார்கள், நகை வியாபாரத்தின் செல்வாக்கு இல்லாமல் மையம் தனித்து நிற்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. பிஐஎஸ் அதிகாரிகள் தணிக்கைக்குப் போகிறார்கள், கடைகளிலிருந்து ஹால்மார்க் ஆன நகைகளை எடுத்துச் சோதிக்கிறார்கள், தவறு தெரிந்தால் அங்கீகாரத்தை நிறுத்தி வைக்கவோ ரத்து செய்யவோ அதிகாரம் இருக்கிறது. நடைமுறையில் நெருடுவது, மையத்துக்குப் படியளப்பது கடைக்காரர். கடுமையாக இருக்கிற மையத்தை விட்டுவிட்டு வளைந்துகொடுக்கிற மையத்துக்குச் சரக்கை அனுப்ப அவருக்குத் தடையில்லை. போதாததற்கு, மொத்தமாக வரும் சரக்கில் நெருப்புச் சோதனை சில உருப்படிகளுக்குத்தான். அதனால்தான் திடீர்த் தணிக்கை எவ்வளவு அடிக்கடி, எவ்வளவு கண்டிப்பாக நடக்கிறது என்பது இங்கே மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம். அங்கீகாரம் நிறுத்தப்பட்ட மையங்களின் விவரத்தைத் தேடிப்போய் வேறு பக்கத்தில் பார்க்கும் நிலை இருக்கக் கூடாது, ஹெச்யூஐடி போட்டதும் அந்த மையத்தின் இன்றைய நிலை, கடைசித் தணிக்கை எப்போது என்பதும் அதே திரையில் வர வேண்டும். என் மதிப்பெண் ஐந்துக்கு மூன்றரையில் நிற்பதற்கு இதுதான் காரணம்.

இன்னொன்று, கட்டாய ஹால்மார்க் நாடு முழுக்க வந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். மையம் இருக்கிற மாவட்டங்களில்தான் கட்டாயம். 2021 ஜூனில் 256 மாவட்டங்களில் தொடங்கி, 2024 நவம்பரில் 361 ஆனது. இரண்டு கிராமுக்குக் கீழே இருக்கிற நகைகளுக்கும், ஆண்டுக்கு 40 லட்சம் வரை விற்றுமுதல் உள்ள சின்னக் கடைகளுக்கும் விலக்கு உண்டு. மூக்குத்தி, குழந்தை மோதிரம் எல்லாம் இந்த விலக்கில் போய்விடும், கேட்டு வாங்குங்கள்.

நீங்கள் சோதிக்கப் போவதாக இருந்தால், ஹால்மார்க் போட்ட மையத்தைத் தவிர்த்து வேறு மையத்துக்குப் போங்கள். செயலியில் பெயர் தெரியும்போது அது சுலபம். தரம் குறைந்தால் அறிக்கை, பில், செயலித் திரையின் படம் மூன்றையும் சேர்த்து அதே செயலியில் புகார் போடலாம். வெள்ளிக்கும் 2025 செப்டம்பர் 1 முதல் ஹெச்யூஐடி வந்திருக்கிறது, ஆனால் கட்டாயம் இல்லை. போன வாரம் மகளுக்குக் கொலுசு எடுக்கப் போன கடையில் கேட்டேன், யாரும் கேட்கிறதில்லைங்க, நீங்கள் கேட்டால் போட்டு வாங்கித் தருகிறோம், இரண்டு நாள் ஆகும் என்றார்கள். சரி, ஆகட்டும் என்று முன்பணம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.